காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை நிறுத்துவது?

ஆஸ்துமா, டைப் 1 சர்க்கரை நோய், பிறவி இதயக் குறைபாடு, வலிப்பு... இப்படி ஏதாவது ஒன்றுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல், தொண்டை வலி. பரிசோதித்தால் கொரோனா பாசிட்டிவ். அந்த நேரத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இதுதான்: ‘வழக்கமா கொடுக்கிற மருந்தையெல்லாம் ரெண்டு நாளைக்கு நிறுத்திடலாமா?’

குழந்தையின் உடம்பு ஏற்கெனவே சோர்ந்திருக்கிறது, அதன்மேல் இத்தனை மருந்து எதற்கு என்ற அக்கறையில் எழும் கேள்வி அது. ஆனால் பதில் ஒன்றுதான். டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது.

நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளின் விஷயத்தில் கொரோனா காலம் சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் இது. வைரஸால் வந்த ஆபத்து ஒருபக்கம். நின்றுபோன மருந்தாலும், பயந்து தள்ளிப்போட்ட மருத்துவமனைப் பயணத்தாலும் வந்த ஆபத்து இன்னொரு பக்கம். இரண்டாவது ஆபத்து பெற்றோரால் தடுக்கக்கூடியது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால் வைரஸ் போய்விடவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களில்கூட இந்தியாவில் தொற்று மறுபடி தலைதூக்கியது. இனியும் அவ்வப்போது வந்துபோகும். அதனால் இந்த வீடுகளில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

முதலில் ஆறுதலான செய்தி. பெரும்பாலான குழந்தைகளுக்கு கொரோனா சாதாரணச் சளி, காய்ச்சலாகவே வந்து போகிறது. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமாகிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் தொற்றின் முதல் ஆண்டில், அதாவது 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை, 18 வயதுக்குட்பட்டோரின் மரணங்கள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்கள். பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்து இறந்தவர்கள் 61 பேர். அவர்களில் கொரோனாவே மரணத்துக்குக் காரணம் என்று உறுதியானது 25 பேருக்கு. அந்நாட்டின் குழந்தைகள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 10 லட்சம் பேருக்கு 2 பேர். அந்த 25 பேரில் 19 பேருக்கு ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் ஆயுளையே குறைக்கக்கூடிய கடுமையான நோயுள்ளவர்கள். மூளை, நரம்பு சம்பந்தப்பட்ட சிக்கலான பாதிப்புகள் கொண்டவர்களே அவர்களில் அதிகம்.

அமெரிக்காவில் கொரோனாவுடன் மருத்துவமனைக்கு வந்த 43,465 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைகள் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. உடல்பருமன் உள்ளவர்களுக்கு மூன்று மடங்கு. நோய் தீவிரமாகும் வாய்ப்பு பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களுக்கும், இரண்டு வயதுக்குட்பட்டோரில் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் கூடுதலாக இருந்தது.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். ‘நாள்பட்ட நோய்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அளவு ஆபத்துகள் இருக்கின்றன. கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவும், உட்காரவோ விழுங்கவோ முடியாத அளவுக்கு இருக்கும் மூளை முடக்குவாதமும் ஒன்றல்ல.

பயத்தால் வந்த ஆபத்து

2020 மார்ச்சில் இத்தாலி முடங்கிக் கிடந்தது. குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் வெறிச்சோடின. ‘அங்கே போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும்’ என்ற பயம்தான் காரணம். ஐந்து மருத்துவமனைகளில் ஒரே வாரத்துக்குள், தாமதமாகக் கொண்டுவரப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பாதிப் பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

ஜெர்மனியில் இன்னொரு கணக்கு. 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை அங்கே 532 குழந்தைகளுக்குப் புதிதாக டைப் 1 சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் 44.7 சதவிகிதம் பேர் ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்ற ஆபத்தான நிலையில் வந்தார்கள். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் நிலை அது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதே காலகட்டத்தில் இப்படி வந்தவர்கள் 24 சதவிகிதம் அளவில்தான். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக்குறைவு என்று அறிகுறிகள் சில வாரங்களாகவே இருந்திருக்கும். பார்க்கும் நேரத்தில் பார்க்கப்படவில்லை.

நம் ஊரிலும் 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது இதே நிலைதான். பஸ் இல்லை. மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிய குடும்பங்கள் தவித்தன. ரத்ததான முகாம்கள் நின்றதால், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தைகள் காத்துக்கிடந்தார்கள். வைரஸ் தொடாமலே இந்தக் குழந்தைகளின் உடல்நிலை கெட்டது.

நோய்க்கு நோய் வேறு கணக்கு

*ஆஸ்துமா, வீசிங்:* தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது நேரடியாக நுரையீரலுக்குப் போகும் மிகச் சிறிய அளவு. அதை நிறுத்தினால் மூச்சுக்குழாய் வீங்கி, சாதாரணச் சளியே பெரிய வீசிங்காக மாறிவிடும். கொரோனா இருக்கும்போது வீட்டில் நெபுலைசர் வைத்தால் வைரஸ் காற்றில் பரவ வாய்ப்பு உண்டு. ஸ்பேசர் மாட்டிய இன்ஹேலரே பெரும்பாலான குழந்தைகளுக்கு அதே பலனைத் தரும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

*டைப் 1 சர்க்கரை நோய்:* ‘குழந்தை ஒண்ணுமே சாப்பிடலை, இன்சுலின் போட்டா சர்க்கரை இறங்கிடுமே’ என்று ஊசியை விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. காய்ச்சல் வந்தால் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றும். அதனால் சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலின் வேண்டும். சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே தேவைப்படும். எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கீட்டோன் ஸ்ட்ரிப் கைவசம் இருக்க வேண்டும். நிறைய நீராகாரம் கொடுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை என்றால் உடனே மருத்துவமனை.

*பிறவி இதயக் குறைபாடு:* இந்தக் குழந்தைகளுக்கு நீர்ச்சத்து குறைவதும் ஆபத்து, அளவுக்கு மீறித் தண்ணீர் கொடுப்பதும் ஆபத்து. எவ்வளவு கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. இன்னொன்று, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண். உதடும் நகமும் நீலம் பாயும் வகைக் குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்குச் சாதாரண நாளிலேயே 80, 85 என்றுதான் காட்டும். அவர்களிடம் 94 என்ற பொதுக் கணக்கு செல்லாது. தன் குழந்தையின் வழக்கமான எண் எது என்று நல்ல நாளிலேயே பார்த்து எழுதி வைத்திருந்தால்தான், அது குறையும்போது தெரியும்.

*சிறுநீரக நோய், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள்:* சிறுநீரில் புரதம் போகும் நெப்ராட்டிக் நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகள் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துக்கொண்டே இருப்பதால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து குழந்தை மயங்கிவிடலாம். காய்ச்சல் நேரத்தில் சிலருக்கு அளவைக் கூட்டவே வேண்டிவரும். மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கு ஐபுப்ரூஃபன் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அது சிறுநீரகத்துக்கு ஆகாது.

*வலிப்பு:* காய்ச்சலே வலிப்பைத் தூண்டும். அதோடு ஒருவேளை மருந்தும் தவறினால் இரட்டை ஆபத்து. வலிப்பு வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கும் மூக்கு ஸ்பிரே தீர்ந்துவிட்டதா, காலாவதியாகிவிட்டதா என்று இன்றே பார்த்துவிட வேண்டும்.

*புற்றுநோய் சிகிச்சை:* கீமோ எடுக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், அது கொரோனாவா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வரும் எந்தக் காய்ச்சலும் அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும்.

*மூளை முடக்குவாதம், தசை பலவீனம்:* இந்தக் குழந்தைகளால் சளியை இருமித் துப்ப முடியாது. மூச்சுத் திணறுகிறது என்று சொல்லவும் பலரால் முடியாது. முகம் சுருங்குவது, சாப்பாட்டை ஒதுக்குவது, வழக்கத்தைவிட அமைதியாகக் கிடப்பது போன்றவைதான் அவர்கள் பேசும் மொழி. கூடவே இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ ‘இவன் இன்னிக்கு சரியில்லை’ என்று தோன்றினால், அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

2021 ஜூனில் மத்திய சுகாதாரத் துறை, குழந்தைகளுக்கான கொரோனா சிகிச்சை நெறிமுறையை வெளியிட்டது. லேசான தொற்றுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், குழந்தைகளுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம், தேவையில்லாமல் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். மிகச் சரியான அறிவுரை.

ஆனால் ‘கொரோனாவுக்கு ஸ்டீராய்டு ஆபத்து’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வரியைப் படித்த ஒரு தாய், தன் குழந்தை ஆறு மாதமாக எடுத்துவரும் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? லேசான கொரோனாவுக்காகப் புதிதாக ஸ்டீராய்டு தொடங்குவது வேறு. வேறொரு நோய்க்காக எடுத்துவருவதைத் தொடர்வது வேறு. முதலாவது தேவையில்லை. இரண்டாவதை விடக் கூடாது.

ஆஸ்பிரின் விஷயமும் இப்படித்தான். காய்ச்சலுக்காகக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ஓர் அரிய நோயை அது கொண்டுவரலாம். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அதைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சில மருந்துகளைத் தொற்று நேரத்தில் டாக்டரே கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வதும் உண்டு. எதை, எத்தனை நாள் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். அதனால்தான் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் முதல் போன், வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்குப் போக வேண்டும்.

வீட்டில் எதைக் கவனிப்பது?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். வயதை வைத்து அல்ல, எடையை வைத்து அளவு. ஈரல் நோயுள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக், இருமல் மருந்து எதையும் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

அடுத்து மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு இந்த அளவை எட்டினால் வேகமான மூச்சு:

• 2 மாதத்துக்குள்: 60
• 2 முதல் 12 மாதம் வரை: 50
• 1 முதல் 5 வயது வரை: 40
• 5 வயதுக்கு மேல்: 30

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கலாம், அல்லது கிடைக்கும் வண்டியில் கிளம்பலாம்:

• வேகமான மூச்சு, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவது
• ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போவது, அல்லது அந்தக் குழந்தையின் வழக்கமான அளவைவிடக் குறைவது
• உதடு நீலமாவது, அல்லது வழக்கத்தைவிட அதிகமாக நீலம் பாய்வது
• எதையும் குடிக்க முடியாமை, தொடர் வாந்தி, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
• எழுப்பினாலும் சரியாக எழாத மயக்கம், வலிப்பு

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ‘டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தை, காய்ச்சல்’ என்று முதல் வரியிலேயே அடிப்படை நோயைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கப்படும் வேகமே மாறும்.

காய்ச்சல் போன பிறகும்...

தொற்று வந்து 2 முதல் 6 வாரங்களுக்குள் மறுபடி கடும் காய்ச்சல், கண் சிவப்பது, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால், ‘இது வேற காய்ச்சல்’ என்று விட்டுவிடக் கூடாது. உடம்பின் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சியை உண்டாக்கும் ‘மிஸ்-சி’ என்ற பாதிப்பாக அது இருக்கலாம். 2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டன் மருத்துவர்கள் இதைப் பற்றி முதலில் எச்சரித்தார்கள். இது அரிதானது, ஆனால் இதயத்தைத் தாக்கக்கூடியது. எந்த நோயும் இல்லாமல் ஓடியாடிய குழந்தைகளுக்கும் வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

தடுப்பூசி: குழந்தைக்கும், சுற்றியிருப்போருக்கும்

இந்தியாவில் 15 முதல் 18 வயதினருக்கு கோவாக்சின் 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கு கோர்பிவேக்ஸ் அதே ஆண்டு மார்ச் 16 அன்றும் தொடங்கியது. இப்போது தன் குழந்தைக்கு கொரோனா தடுப்பூசி தேவையா என்று அதன் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

அதற்குக் குறையாமல் முக்கியமானவை மற்ற தடுப்பூசிகள். ஆண்டுக்கொரு முறை ஃபுளூ ஊசி, நிமோகாக்கல் ஊசி இரண்டும் பெரும்பாலான நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுபவை. அதிக அளவு ஸ்டீராய்டோ கீமோவோ எடுக்கும் குழந்தைக்கு மட்டும், அம்மை போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்டே போட வேண்டும்.

ஊசி போட முடியாத குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்கள்தான் கவசம். அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி எல்லோரும் தங்கள் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், சளி பிடித்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளிப் படுப்பதும் அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய உதவி.

பொத்திப் பொத்தி வைக்கலாமா?

ஊரடங்கு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குத் திரும்பிய பிறகும், பயத்தால் வீட்டிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு. விளையாட்டு இல்லை, நண்பர்கள் இல்லை. விளைவு எடை கூடியது, பேச்சு குறைந்தது. உடல்பருமன் கூடினால் கொரோனா ஆபத்தும் கூடும் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நோய் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகலாம், போக வேண்டும். ஊரில் தொற்று அதிகமாக இருக்கும் வாரங்களில் கல்யாண மண்டபம், அடைத்த ஏசி அறை போன்ற கூட்டங்களை மட்டும் தவிர்த்தால் போதும். கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் கூடுதல் கட்டுப்பாடு. ‘உனக்கு மட்டும் ஏன்’ என்று அந்தக் குழந்தை கேட்கும்போது, பயமுறுத்தாமல் அதன் வயதுக்குப் புரியும்படி காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு தாள் எழுதி வையுங்கள்

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் இவற்றை எழுத வேண்டும்:

• குழந்தையின் பெயர், நோயின் பெயர், இப்போதைய எடை
• தினசரி மருந்துகள், அளவு, நேரம்
• ஒருநாள்கூட விடக்கூடாத மருந்து எது
• ஒத்துக்கொள்ளாத மருந்து எது
• வழக்கமான ஆக்ஸிஜன் அளவு
• காய்ச்சல் வந்தால் மருந்தில் என்ன மாற்றம் என்று டாக்டர் சொன்னது
• டாக்டரின் எண், அருகிலுள்ள 24 மணி நேர மருத்துவமனையின் எண்

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இதைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு பிரதி ஃபிரிட்ஜ் கதவில், ஒரு பிரதி பள்ளியில், ஒரு போட்டோ அப்பா, அம்மா, பாட்டி எல்லோருடைய போனிலும். அதோடு எப்போதும் குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்து வீட்டில் கையிருப்பு இருக்கட்டும்.

அம்மா ஊரில் இல்லாத ஒருநாள், நடு ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம். அன்றைக்கு வீட்டில் இருப்பது தாத்தா மட்டுமாக இருந்தாலும், இந்தத் தாளைப் பார்த்து அவர் சரியானதைச் செய்துவிடுவார்.